துக்கம் விசாரித்தல்

எங்கள் குடும்பத் தொழில் பாத்திரத்தில் பேர் வெட்டுவது. மதுரையில், கோயிலுக்குக் கிழக்கே ஒரு பாத்திரக்கடை வாசலில் எவர்சில்வர் தகடு அடித்த ஒரு மேஜை, ஒரு மிஷின், இரண்டு ஸ்டூல், இவ்வளவுதான் மொத்த நிறுவனமும். அப்பா உளியும் சின்னச் சுத்தியலும் வைத்துப் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதுவார், ஒரு குடத்துக்குப் பேர் போட்டு முடிப்பதற்குள் வந்தவர்கள் டீ குடித்துவிட்டே திரும்பி வந்துவிடலாம். நானும் அண்ணனும் மிஷினுக்கு மாறினோம். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. மெய்யெழுத்தின் மேல் வைக்கிற புள்ளிக்கு மட்டும் காசு கிடையாது. "புள்ளி நம்ம கணக்குல" என்று அண்ணன் வருகிற எல்லோரிடமும் சொல்வான், பத்து வருஷமாக வருகிறவர்கள்கூட முதல் தடவை கேட்கிற மாதிரி சிரிப்பார்கள்.

2018 ஆடி மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டு அரை மணி நேரம் இருக்கும், நெஞ்சைக் கரிக்கிற மாதிரி இருக்கிறது என்றான். வாய்வுதான் என்று அவனே சொல்லியும் விட்டான். நான் பக்கத்துக் கடையில் சோடா வாங்கிக் கொடுத்தேன். பெரிதாக ஏப்பம் விட்டான், இரண்டு பேருக்கும் நிம்மதி. ஆவணி முகூர்த்தத்துக்குச் சீர்ப் பாத்திரம் வந்து குவிந்து கிடந்த நேரம், அதனால் நான் கூடப் போகவில்லை; ஷேர் ஆட்டோவில் ஏற்றி, வீட்டில் போய்க் கொஞ்சம் படு என்று அனுப்பி வைத்தேன். ஆறு மணிக்கு போன் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது.

கருமாதிக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுப்பது என்று முடிவானது. எழுபத்தைந்து டம்ளர். பேர் வெட்ட வேறு யாரிடம் கொடுப்பது? நான்தான் உட்கார்ந்தேன். அண்ணன் பேர், அதற்குக் கீழே 'நினைவாக', அதற்கும் கீழே தேதி. மிஷின் ஊசி எவர்சில்வரில் இறங்கும்போது ஒரு ரீங்காரம் வரும், முழங்கை வரைக்கும் ஏறும். இருபத்தைந்து வருஷத்தில் அது எனக்குக் கேட்காமலே போயிருந்தது, அன்றைக்குக் கேட்டது. முதல் பத்து டம்ளர் வரை ஒவ்வொரு எழுத்தும் அண்ணன். இருபதைத் தாண்டியதும் வெறும் எழுத்து. ஐம்பதுக்குப் பக்கத்தில் 'நினைவாக'வில் 'வா'வுக்குக் கால் கொஞ்சம் நீண்டுவிட்டதே என்று வருத்தப்பட்டேன், அந்த நிமிஷம்தான் சுரீர் என்றது. அண்ணன் கருமாதி டம்ளரில் 'வா'வின் காலைப் பற்றி வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறேன். சாவு வீட்டில் வராத பயம் அப்போதுதான் வந்தது. நான் என்ன மாதிரி ஆள் என்ற பயம்.

கவலைக்கு எங்கள் அப்பத்தா 'விசாரம்' என்றுதான் சொல்லும். "என்னடா விசாரமா உக்காந்திருக்க?" அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் எனக்கு விசாரம்தான் முழுநேரத் தொழில். ஏன் சோடா வாங்கிக் கொடுத்தேன்? ஏன் கூடப் போகவில்லை? ஏன் அன்றைக்கு அவ்வளவு வேலையை ஒப்புக்கொண்டேன்? ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தால் அதே மூன்று கேள்வி, வரிசை மாறாமல். துக்கம் விசாரிக்க வந்தவர்களும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். விதி என்றார்கள், படுக்கையில் கிடக்காமல் போன புண்ணியவான் என்றார்கள். நாலு எழுத்துப் படித்த ஒருவர் "தீதும் நன்றும் பிறர்தர வாரா" என்று சொல்லி என் தோளைத் தட்டிக் கொடுத்தார். ஆறுதலாகத்தான் சொன்னார், பாவம். எனக்கு அது தீர்ப்பு மாதிரி விழுந்தது. பிறர் தரவில்லை என்றால் நான்தானே தந்தேன்?

மாசி மாதம் ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் பித்தளைக் குடம் கொண்டுவந்தார்கள். பெண் பேர் போட்டு, கீழே 'தாய்மாமன் அன்பளிப்பு' என்று வெட்ட வேண்டும். நான் பெண் பேருக்குக் கீழே 'நினைவாக' என்று வெட்டி நீட்டினேன். பெண்ணின் அம்மா அதைப் படித்துவிட்டுக் குடத்தைக் கீழே வைத்த விதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது, சூடான பாத்திரத்தைக் கை விடுகிற மாதிரி விட்டார்கள். தெருவே கூடிவிட்டது. காலில் விழாத குறைதான். புதுக் குடம் என் காசில் வாங்கிக் கொடுத்தேன், பித்தளை விலை தெரிந்தவர்களுக்கு மீதி சொல்ல வேண்டியதில்லை.

கூட்டம் கலைந்த பிறகும் ஒருவர் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பேத்தி காதுகுத்துக்குக் கிண்ணம் வெட்ட வந்தவர், எங்கள் பழைய வாடிக்கை, ஜில்லா கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். "என்ன தம்பி, அண்ணன் கேசா?" என்றார். கேஸ் என்ற வார்த்தைதான் என்னைப் பேச வைத்தது என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் கொட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, ஆறுதல் ஒன்றும் சொல்லாமல், இப்படிச் சொன்னார்:

"கோர்ட்டுல ஒரு கேச இருவது வருசம் இழுக்கலாம். ஆனா ஒரே சாட்சிகிட்ட ஒரே கேள்வியத் திரும்பத் திரும்பக் கேக்க ஜட்ஜு விடமாட்டாரு. பதில் வந்தாச்சு, அடுத்த கேள்வி கேளுங்கம்பாரு. நீ தெனம் ராத்திரி உன்னையே கூண்டுல ஏத்தி அதே மூணு கேள்விய கேக்குற. இது விசாரணையே இல்ல தம்பி."

வீட்டுக்குப் போகும்போது அந்த ஒரு சொல்லை உருட்டிக்கொண்டே போனேன். விசாரம் என்றால் கவலை. விசாரணை என்றால் கேள்வி கேட்டு உண்மையைத் தேடுவது. ஒரே வேரில் இரண்டும் எப்படி வந்தது? போதாக்குறைக்கு துக்கம் 'விசாரிக்க' என்று வேறு சொல்கிறோம். போய்ப் பத்து நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்து, போய்விட்டு வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து வருவதைத்தான் அப்படிச் சொல்கிறோம், துக்கத்திடம் ஒருத்தரும் ஒன்றும் விசாரிப்பதில்லை.

தத்துவம் என்றால் காலையில் செல்போனில் வருகிற ரோஜாப்பூ போட்ட பொன்மொழி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். அந்தக் கோர்ட்டு அய்யா எனக்குச் சொல்லிக் கொடுத்த தத்துவத்தில் எனக்குப் பலித்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு. பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் நடந்தது, வலது பக்கம் நான் சேர்த்தது. சாட்சி சொன்னது எது, வக்கீல் சேர்த்தது எது என்று பிரிக்கிற வேலை. சுலபம் என்றுதான் உட்கார்ந்தேன், 'நான் அவனைக் கொன்றுவிட்டேன்' என்று இடது பக்கத்தில் எழுதிவிட்டு அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அய்யா அதைப் பார்த்துவிட்டு, "இதப் பாத்த சாட்சி யாரு?" என்றார். அடித்துவிட்டு வலது பக்கத்துக்கு மாற்றினேன். அந்த ஒரு வரியை அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவர எனக்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது. இடது பக்கத்தில் கடைசியில் தங்கியது: நெஞ்சு கரிக்கிறது என்றான், வாய்வு என்றான், சோடா கொடுத்தேன், ஏப்பம் வந்தது, அனுப்பினேன். பத்து வருஷமாக சுகர் இருந்தது. இந்தக் கடைசி வரி முன்னாலேயே எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் எழுதின பிறகுதான் அதைப் பற்றி ஒரு டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. சுகர் இருப்பவர்களுக்கு நரம்பு மரத்துப்போவதால் மாரடைப்பிலும் வலி பெரிதாகத் தெரியாமல் போகலாம், வெறும் நெஞ்செரிச்சலாக, வியர்வையாக, களைப்பாக மட்டும் வரலாம் என்று அவர் சொன்னார். 'ஏன்' என்ற கேள்விக்குள் பதில் உள்ள ஒரு கேள்வியும் பதிலே இல்லாத ஒரு கேள்வியும் ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கின்றன. ஏன் வலி தெரியவில்லை என்பதற்கு டாக்டரிடம் பதில் இருக்கிறது. ஏன் என் அண்ணனுக்கு என்பதைக் கேட்க ஆளே கிடையாது. இரண்டையும் பிரிக்காமல் கேட்டால் பதில் இருக்கிற கேள்வியும் சேர்ந்து நாறிப்போகும்.

அந்தப் புறநானூற்று வரியையும் அவரிடம் கொண்டுபோனேன், அதுதான் ரொம்ப நாளாகக் குத்திக்கொண்டிருந்தது. அவர் சிரித்துவிட்டு, "அந்த வரி உங்க அண்ணனுக்குச் சொன்னதா வச்சுக்க. அவருக்கு நீ யாரு? பிறர்தான்? அப்ப அவருக்கு வந்த தீத நீ எப்படித் தந்திருக்க முடியும்?" என்றார். இது கொஞ்சம் வக்கீல் வாதம்தான், எனக்கே தெரிந்தது. ஆனால் அடுத்து அவர் சொன்னது வாதம் இல்லை. கணியன் பூங்குன்றனார் பாட்டில் எல்லோரும் முதல் இரண்டு வரியோடு எழுந்து போய்விடுகிறார்கள், கீழே ஒரு ஆறு ஓடுகிறது என்றார். மழை பெய்து, கல்லில் மோதி இரைகிற பெரிய ஆறு. அதில் நீர் போகிற வழியில் போகிற தெப்பம்போல உயிர் முறைப்படி போகும் என்கிறது பாட்டு. கடைசியில், அதனால் பெரியவர்களைப் பார்த்து வியக்கவும் மாட்டோம், சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் மாட்டோம் என்று முடிகிறது. சிறியவர்களில் நீயும் அடக்கம்தானே, உன்னை எதற்கு இகழ்ந்துகொண்டிருக்கிறாய் என்று கேட்டார். ஒரு பாட்டின் முதல் இரண்டு வரியால் ஏழெட்டு மாதம் அடி வாங்கியிருக்கிறேன். யாராவது ஒரு வரியை எடுத்து உங்கள் மேல் வீசினால், முழுப் பாட்டையும் தேடி வாங்கிப் படித்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கீழக்குயில்குடி போக ஆரம்பித்தோம். தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டை பக்கம் திரும்பினால் சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், விழுது விட்ட ஆலமரம். படியேறிப் போனால் பேச்சிப்பள்ளத்தில் சுனைக்கு மேலே பாறையில் வரிசையாகச் சமணர்களின் குருமார்களான தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள், அவற்றுக்குக் கீழே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்து. கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டு வேலை. எழுதியிருப்பது பெரும்பாலும் இன்னார் 'செய்வித்த திருமேனி' என்பதுதான் என்று அய்யா சொன்னார். அதாவது அன்பளிப்பு! எங்கள் தொழிலேதான், பாத்திரத்துக்குப் பதில் மலை. எனக்கு வட்டெழுத்து படிக்கத் தெரியாது, ஆனால் வெட்டு தெரியும், அதனால் குனிந்து வெட்டைத்தான் பார்த்தேன். வளைவில் கை தயங்கவே இல்லை. கல்லில் தப்பினால் மாற்றுக் குடம் வாங்கிக் கொடுக்க முடியாது என்று நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆடிக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அங்கேதான்.

அங்கே உட்கார்ந்துதான் அநேகாந்தம் பற்றிச் சொன்னார். சமணர்கள் எந்த விஷயத்தையும் ஒரே அடியாக 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்ல மாட்டார்களாம். ஒருவகையில் உண்டு, ஒருவகையில் இல்லை, ஒருவகையில் உண்டும் இல்லையும், ஒருவகையில் சொல்லவே முடியாது, இப்படி ஏழு விதமாக அடுக்குவார்களாம். கேட்டதும் இது என்ன வழவழா கொழகொழா என்றுதான் நினைத்தேன். ஆனால் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒருவகையில் நான் காரணம், கூடப் போயிருக்கலாம். ஒருவகையில் நான் காரணமில்லை, எனக்குத் தெரியாது. இரண்டுமே உண்மை. ஒன்றை நிரூபித்து இன்னொன்றை ஒழிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதுவரை என்னிடம் வந்த எல்லோரும் 'உன் தப்பு ஒன்றும் இல்லை' என்றார்கள், அது பொய் என்று எனக்குத் தெரிந்ததால் ஆறுதல் ஒட்டவில்லை. 'ஒருவகையில்' என்ற சொல் ஒட்டியது. வீட்டில் சண்டை வந்தாலும் இப்போது முதலில் அந்தச் சொல்லைத்தான் போடுகிறேன். மனைவிக்கு எரிச்சலாக இருக்கிறது, ஒருவகையில்.

இன்னொரு இடம், கோயிலுக்குப் பக்கத்தில் சொக்கப்ப நாயக்கன் தெரு வீடு. ரமணர் பையனாக இருந்தபோது சித்தப்பாவோடு இருந்த வீடு அது. எத்தனையோ ஆயிரம் தடவை சைக்கிளில் கடந்திருக்கிறேன், உள்ளே போனதில்லை. அப்பா இறந்து நாலு வருஷம் ஆன பதினாறு வயதுப் பையன், 1896இல் ஒரு நாள் திடீரென்று சாவு பயம் பிடிக்க, ஓடிப் போய் யாரையும் கூப்பிடாமல், பிணம் மாதிரி விறைத்துப் படுத்துக்கொண்டு, இந்த உடம்பு செத்துப்போகிறது, சரி, அப்போது நான் செத்துப்போகிறேனா என்று உள்ளே கேட்டுப் பார்த்திருக்கிறார். பிற்பாடு அவர் சொன்ன வழிக்கும் பேர் விசாரம்தான்! ஆத்ம விசாரம். அப்பத்தா சொன்ன அதே சொல், ஆனால் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது பாருங்கள். அவர் கண்டது எனக்குக் கிட்டவில்லை, ராத்திரி பாயில் விறைத்துப் படுத்துப் பார்த்தேன், கொசு கடித்ததுதான் மிச்சம். எனக்குப் பிடித்தது அவர் வீட்டை விட்டுக் கிளம்பும்போது எழுதி வைத்த சீட்டு. அண்ணன் காலேஜ் சம்பளத்துக்குக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு இத்துடன் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். 'நான்' என்று ஆரம்பித்த சீட்டு இரண்டாவது வாக்கியத்தில் 'இது' என்று மாறிவிடுகிறது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேர் இல்லை, வெறும் கோடு. பேர் வெட்டிப் பிழைக்கிறவனுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கூடவே, அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அண்ணனைப் பற்றியும் நினைத்தேன், அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல் செய்யாதீர்கள். இருட்டில் எல்லா விசாரணையும் விசாரமாகத்தான் முடிகிறது, எனக்கு அப்படித்தான் ஆனது. தனியாகவும் வேண்டாம், குறுக்கே ஒரு கேள்வி கேட்க எதிரே ஒரு ஆள் வேண்டும், நடந்துகொண்டே என்றால் இன்னும் நல்லது. அப்புறம், தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பண்ண என்று தோன்றுகிறது என்றால் அது தத்துவத்தின் வேலை இல்லை, டாக்டரின் வேலை. நானும் மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டேன், தூங்கின பிறகுதான் நோட்டில் கோடு போடவே கை வந்தது. இப்போது 14416 என்று மனநலத்துக்கு இலவச போன் இருக்கிறது, எந்த நேரமும் பேசலாம். அய்யாவே சொல்வார், பசித்தவன்கிட்டயும் தூங்காதவன்கிட்டயும் சாட்சியம் வாங்கக் கூடாது என்று.

நோட்டு பாதிக்கு மேல் வந்த பிறகு ஒரு நாள் அய்யா எல்லாப் பக்கத்தையும் புரட்டிவிட்டு, "இதுல ஒரே சாட்சிதான இருக்கு?" என்றார். எனக்குப் புரியவில்லை. "உங்க மதினிய விசாரிச்சியா?"

இல்லை. வாராவாரம் அரிசி, பருப்பு, பிள்ளைகளுக்கு ஃபீஸ் என்று எதிலும் குறை வைக்கவில்லை, ஆனால் அந்த நாளைப் பற்றி மதினியிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டிவிடுமோ என்ற பயம். அந்த வெள்ளிக்கிழமை போனேன். மதினி தேங்காய் துருவிக்கொண்டிருந்தது. சோடாவைப் பற்றிச் சொன்னேன், கூடப் போகாததைச் சொன்னேன், சீர்ப் பாத்திரத்தைச் சொன்னேன். துருவுவதை நிறுத்தவே இல்லை. முடித்த பிறகு, தேங்காய் மூடியைப் பார்த்துக்கொண்டே சொன்னது:

"அன்னைக்குக் காலையிலயே எங்கிட்டச் சொன்னாக தம்பி. நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னாக. நான்தான் சுக்குக் கசாயம் வச்சுக் குடுத்து, ஒண்ணுமில்ல, கடைக்குக் கெளம்புங்கன்னேன். நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டே வந்து போறதப் பாத்து, உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு இம்புட்டு நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்."

ஒரு வருஷமாக, என் வீட்டில் நானும் இரண்டு தெரு தள்ளி மதினியும், அதே ராத்திரி இரண்டு மணிக்கு அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். என் விசாரம் முழுக்க நான், நான், நான்தான், இன்னொரு ஆளுக்கு அதில் இடமே இருந்ததில்லை. 'நான் யார்' என்று கேட்டவர் வீட்டுக்குப் போய் வந்தும் எனக்கு இது உறைக்காமல் அந்தக் கோர்ட்டு மனுஷர் சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்கு நான் திரும்பக் கேள்வி கேட்டேன், மதினி பதில் சொன்னது, மதினி கேட்டது, நான் சொன்னேன், காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த ஒரு நாளை இரண்டு பேரும் சேர்த்துக் கட்டினோம். குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அதையேதான் சாப்பிட்டோம்.

கிளம்பும்போது மதினி சொன்னது, இனிமேல் யாருக்கு நெஞ்சு கரித்தாலும் சோடாவும் வேண்டாம், கசாயமும் வேண்டாம், முதலில் ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும் என்று. மறுநாள் காலையில் மிஷினைப் போட்டதும் முதல் வேலையாக எங்கள் மேஜையின் தகட்டு விளிம்பில், அண்ணன் உட்காரும் பக்கத்தில், 108 என்று நல்ல ஆழமாக வெட்டி வைத்தேன். வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, ஏதோ சாமிக் கணக்கு போல என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.